நாழிகை வழி: ஒரு பழைய நூலோடு மேற்குச் சென்னை



அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழ்பவர்களிடம் அடிக்கடி ஒரு வருத்தம் கேட்கிறது. "வெளியூரிலிருந்து யாராவது வந்தால் மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் கூட்டிப் போகிறோம். நம்ம பக்கம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?" தொழிற்பேட்டை இருக்கிறது, டாங்கி தொழிற்சாலை இருக்கிறது, அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன, நெரிசல் இருக்கிறது. வரலாறு கடற்கரைப் பக்கம் போய்விட்டது என்ற எண்ணம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம். அதற்கு நான் பரிந்துரைப்பவை இரண்டு: ஒரு பழைய நூல், நடப்பதற்குக் கொஞ்சம் நேரம்.

கோட்டையிலிருந்து புறப்படும் நூல்கள்

சென்னைக்கு வழிகாட்டி நூல்கள் பல உண்டு. லண்டனில் ஜான் முர்ரே பதிப்பகம் எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதிய மெட்ராஸ் கையேட்டை 1859-இல் வெளியிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ரயில் பாதைதான் இன்றும் அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகிறது. பிறகு 1879-இல் சி. எஸ். குரோல் தொகுத்த செங்கல்பட்டு மாவட்டக் கையேடும், 1882-இல் ராபர்ட் சீவல் தொகுத்த தொல்பொருள் பட்டியலின் முதல் தொகுதியும் வந்தன. நம் காலத்தில் எஸ். முத்தையாவின் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' 1981-இல் வெளிவந்து, நகரத்தை நடந்து பார்க்கும் ஆவலை ஒரு தலைமுறைக்கே ஊட்டியது.

இவை எல்லாமே மதிப்புக்குரிய நூல்கள். ஆனால் நகரத்தைப் பார்க்கச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்குகின்றன. 1639-இல் கடற்கரையில் கைமாறிய ஒரு துண்டு நிலத்தை நடுவில் வைத்து மற்ற ஊர்களைத் தூரத்தால் அளக்கின்றன. அந்தக் கணக்கில் பூந்தமல்லி ஒரு படைமுகாம், ஆவடி ஒரு ரயில் நிலையம், அம்பத்தூர் ஒரு கிராமம். மேற்கிலிருந்து கிழக்கே பார்க்கும் நூல் ஏதும் இல்லையா? இருக்கிறது. அதைப் பெரும்பாலும் பூசை அறையில் வைத்திருக்கிறோம்.

சிவக்கவிமணியின் தலவிசேடம்

நான் சொல்வது சேக்கிழாரின் பெரியபுராணத்தை. குறிப்பாக, கோவை வழக்கறிஞர் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் அதற்கு எழுதிய பேருரையை. கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் இருந்த காலத்தில் அவருக்குத் துணைநின்றவர் முதலியார். 1930-களில் தொடங்கி 1950-களில் நிறைவுற்ற அந்த உரை ஏழு பகுதிகளாக அச்சேறியது.

உரையில் ஒவ்வொரு தலமும் வரும் இடத்தில் 'தலவிசேடம்' என்று ஒரு குறிப்பு இருக்கும். சுவாமி, அம்மை, தலமரம், தீர்த்தம் இவற்றைச் சொல்லிவிட்டு வழியையும் சொல்வார். எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது, அங்கிருந்து எந்தத் திசை, கற்சாலையா மட்சாலையா, எத்தனை நாழிகை. இந்தக் கடைசி அளவைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்த நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கும் தூரத்தை நாழிகை வழி என்றார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் வாசகர் நடப்பார் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட நூல் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியமும் இருபதாம் நூற்றாண்டு ரயில் நிலையமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. தமிழில் இதைவிட நல்ல வழிகாட்டி நூல் எனக்குத் தெரியவில்லை.

மூலத்தை எழுதிய சேக்கிழாரும் இந்தப் பகுதிக்காரர். பூந்தமல்லியிலிருந்து மாங்காடு வழியாகப் போனால் வரும் குன்றத்தூர் அவர் பிறந்த ஊர். இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராகச் சோழநாட்டில் பணியாற்றியவர், அங்கே தாம் விரும்பி வழிபட்ட திருநாகேச்சரத்தின் பெயரிலேயே குன்றத்தூரிலும் ஒரு கோயில் எழுப்பினார். திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தைத் திறந்து பாருங்கள். தொண்டை நாட்டின் ஐந்திணைகளையும் ஆறுகளையும் வர்ணித்து முடித்த பிறகுதான் கதைக்கு வருகிறார். சொந்த மண்ணைப் பற்றி எழுதும் மனிதரின் நிதானம் அது.

எதிரெதிரே இரண்டு பயணங்கள்

மேற்குச் சென்னைக்குச் சேக்கிழார் இரண்டு வழித்தடங்களைத் தருகிறார். ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே வருவது. ஏழாம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தர் காளத்தியை வணங்கிவிட்டுத் திரும்பும்போது திருவேற்காட்டுக்கு வருகிறார். அங்கிருந்து திருவலிதாயம், அதாவது இன்றைய பாடி. பிறகு திருவொற்றியூர், அதன் பின் மயிலை.

மற்றது கிழக்கிலிருந்து மேற்கே போவது. மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிய சுந்தரர் இரு கண்களின் பார்வையையும் இழக்கிறார். பிறர் வழிகாட்ட நடந்து வட திருமுல்லைவாயிலை அடைகிறார். பிறகு திருவெண்பாக்கம், அங்கே ஊன்றுகோல் பெறுகிறார். பிறகு திருவாலங்காடு, காஞ்சி. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். தமிழ் இலக்கியத்தின் துயரமான நடைப்பயணங்களில் ஒன்று நம் சி.டி.எச். ரோடு, அதாவது சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை, ஓடும் நிலத்தைக் கடந்து போயிருக்கிறது. திருமுல்லைவாயில் பதிகத்தில் சுந்தரரே தம் கண் போன காரணத்தைச் சொல்லி இறைவனிடம் முறையிடுகிறார்.

கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தப் பகுதி வழிப்போக்கர்கள் நடந்த நிலம். இவ்வூர்களைப் புறநகர் என்று அழைக்க அருகே ஒரு நகரம் அப்போது இல்லை.

பாடியிலிருந்து முல்லைவாயில் வரை

நடக்க விரும்புகிறவர் பாடியில் தொடங்கலாம். மார்கழி, தை மாதக் காலை நல்லது. திருவல்லீசுவரர் கோயில் பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. குருப்பெயர்ச்சியன்று மட்டும் வரிசையில் நின்று பார்த்தவர்கள், ஆள் குறைந்த ஒரு நாளில் கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் வந்து நில்லுங்கள். சுவர் மூலைகளில் மடங்காமல் வளைந்து திரும்பும். மேலே விமானமும் அதே வளைவில் போகும். படுத்திருக்கும் யானையின் பின்புறத்தைப் போன்ற இந்த அமைப்பைத் தூங்கானை மாடம் என்பார்கள். திருவேற்காட்டிலும் இதே வளைவு. திருவொற்றியூரிலும் இதே வளைவு. சம்பந்தர் அடுத்தடுத்துச் சென்ற மூன்று ஊர்களை ஒரே கட்டடக்கலை கோத்து வைத்திருப்பதை, அதே வரிசையில் போய்ப் பார்ப்பவர்தான் உணர்வார். தனித்தனியே காரில் போய் இறங்குபவருக்கு அது எளிதில் பிடிபடாது.

அங்கிருந்து அம்பத்தூர். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பின்னர் டன்லப், 1960-களில் எழுந்த தொழிற்பேட்டை என இந்தச் சாலையின் இருபுறமும் வளர்ந்த ஆலைகள் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மக்களைக் கொண்டுவந்தன. எஸ்டேட், டன்லப் என்று பஸ் நிறுத்தங்களின் பெயரே அந்த வரலாற்றைச் சொல்கிறது. ரயில் நிலையத்தில் இறங்கி நாழிகைக் கணக்கில் நடக்கச் சொன்ன காலத்துக்கும் இன்றைக்கும் இடையே இப்பகுதி கண்ட மாற்றத்தை அளக்க, பழைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சாலையைக் கடந்தாலே போதும்.

திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் கோயில். தொண்டைமான் என்ற மன்னனின் யானையை முல்லைக்கொடி சுற்றி நிறுத்தியது, கொடியை வாளால் வெட்டியபோது சிவலிங்கத்தின் மீது பட்டுக் குருதி பெருகியது என்பது தலவரலாறு. யானையை முல்லைக்கொடி கட்டிய செய்தியைச் சுந்தரர் பதிகத்திலேயே காணலாம். பகைவரான குறும்பரின் கோட்டையிலிருந்து தொண்டைமான் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு வெள்ளெருக்கத் தூண்கள் சன்னதிக்கு முன்னே நிற்கின்றன. வேலிப்பக்கம் முளைக்கும் எருக்கு எங்கே, தூணாக நிற்கும் இந்த எருக்கு எங்கே என்று வியக்காமல் இருக்க முடியாது. நந்தியையும் பாருங்கள். மற்றக் கோயில்களில் சுவாமியைப் பார்த்து இருக்கும் நந்தி, இங்கே சுவாமிக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்து இருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்கிறார்கள்.

பாலி எங்கே?

இப்போது இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். சுந்தரர் அந்தப் பதிகத்தில் ஓர் ஆற்றைக் காட்டுகிறார். சந்தன வேரையும் கார் அகிலையும் மயில் பீலியையும் யானைத் தந்தத்தையும் முத்தையும் பவளத்தையும் தள்ளிக்கொண்டு வரும் பாலி ஆறு. அதன் வடகரையில் முல்லைவாயில் இருக்கிறதாம். கோயிலை விட்டு வெளியே வந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் பாலி, அதாவது பாலாறு, கண்ணில் படாது. அது வெகுதூரம் தெற்கே, கல்பாக்கத்துக்கு அந்தப்புறம் கடலில் கலக்கிறது.

கவிஞர் மிகைப்படுத்திவிட்டார் என்று கடந்து போய்விடலாம். ஆனால் சேக்கிழாரும் அதையே சொல்கிறார். மூர்க்க நாயனார் புராணத்தின் தொடக்கத்தில் அவருடைய ஊராகிய திருவேற்காட்டைப் பாலி நதிக்கு வடக்கே வைக்கிறார். வேற்காட்டுக்குப் பக்கத்து வட்டாரமான குன்றத்தூரில் பிறந்து வளர்ந்தவர், தம் பகுதியில் ஓடிய ஆற்றின் பெயரை மாற்றிச் சொல்லியிருப்பாரா? இன்று வேற்காட்டை ஒட்டி ஓடுவது கூவம்.

நிலவியலாளர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். பாலாறு ஒரு காலத்தில் இன்றைய தென்கிழக்குத் தடத்தில் ஓடாமல் வடகிழக்கே திரும்பிச் சென்னைக்கு வடக்கே கடலில் சேர்ந்தது என்பது அவர்கள் கருத்து. மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய மணல் தடங்களும் செயற்கைக்கோள் படங்களும் அவர்களுக்குச் சான்று. அந்தப் பழைய தடத்தில் இன்று ஓடுவது கொசத்தலையாறு. அதற்கு விருத்த க்ஷீர நதி, அதாவது பழம் பாலாறு, என்றே ஒரு பெயர் உண்டு.

தொடர்பு இன்னும் முழுதாக அறுந்துவிடவில்லை. பாலாற்று நீர் கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியின் உபரி நீர் கொசத்தலையாற்றில் சேர்கிறது. கொசத்தலையாற்றில் கேசவரம் அணைக்கட்டுக்கு வந்த நீரில் ஒரு பங்கு கூவத்துக்குத் திரும்புகிறது. ஆக, நல்ல மழை பெய்த ஆண்டில் வேற்காட்டுப் பாலத்தில் நின்று பார்க்கிறவரின் காலடியில் ஓடும் நீரில் பாலியின் பங்கும் இருக்கலாம். சேக்கிழார் எழுதிவைத்த முகவரி பிசகவில்லை.

பழைய வழிகாட்டி நூலோடு நடப்பதன் பயன் இதுதான் என்று நான் நம்புகிறேன். நூலும் நிலமும் ஒத்துப்போகும் இடத்தில் மகிழ்கிறோம். ஒத்துப்போகாத இடத்தில் கற்றுக்கொள்கிறோம். ஆறு எங்கே, ஏன் இங்கே இல்லை, யார் திருப்பினார்கள், எப்போது திரும்பியது என்று நூறு கேள்வி அங்கே எழுகிறது. நூலை மட்டும் படித்தால் அந்தக் கேள்வி வராது. நூல் இல்லாமல் வெறுமனே நடந்தாலும் வராது.

நீருக்குள் போன தலம்

சுந்தரரின் அடுத்த தலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையில்லாமல் திருவெண்பாக்கத்துக்கு வந்தவர், "கோயிலுக்குள் இருக்கிறீரா?" என்று இறைவனைக் கேட்கிறார். "இருக்கிறோம், நீர் போகலாம்" என்று அயலாரிடம் சொல்வதுபோலப் பதில் வருகிறது. சிவக்கவிமணி உரை எழுதத் தொடங்கிய காலத்தில் அந்தக் கோயில் கொசத்தலையாற்றங்கரையில் தன் பழைய இடத்தில் இருந்தது. பிறகு சென்னையின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 1944-இல் முடிந்தது. மாநகரத்தின் மேயராக இருந்து அத்திட்டத்துக்காக உழைத்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் அது சத்தியமூர்த்தி சாகர் ஆனது. பழைய தலம் நீர்ப்பரப்புக்குள் போயிற்று. இறைவனைப் பூண்டியில் புதுக்கோயில் எழுப்பி எழுந்தருளச் செய்தார்கள்.

நாம் காலையில் குழாயைத் திறக்கும்போது வரும் நீருக்குச் சுந்தரர் ஊன்றுகோல் பெற்ற மண் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வேண்டாத செலவு என்று நான் சொல்லவில்லை. ஒரு மாநகரம் தாகத்தோடு வாழ முடியாது. ஆனால் கொடுத்ததை மறக்கக் கூடாது.

ஏரிகளின் கதையும் இத்தகையதே. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று ஒன்றன் வழியாக ஒன்று நீர் பெற்றன. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி நிரம்பினால் உபரி கூவத்துக்குப் போகும். கால்வாய்கள் அடைபட்டதும் கழிவுநீர் கலந்ததும் இந்தச் சங்கிலியைச் சிதைத்தன. கொரட்டூர் ஏரியைக் காக்க அப்பகுதி மக்களே திரண்டு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நடப்பவர்களுக்குக் கலங்கலும் மதகும் கண்ணில் படும். வண்டியில் விரைபவர்களுக்கு மழைவெள்ளம் வீட்டுக்குள் வரும் நாளில்தான் ஏரி நினைவுக்கு வருகிறது.

நூல் காணாதவையும் நம்முடையவை

பெரியபுராணம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகளின் ஊர். இராமாநுசருக்கு வழிகாட்டியாக விளங்கிய அவர், இங்கிருந்து பூக்கொண்டு காஞ்சிக்கு நடந்துபோய் வரதருக்கு ஆலவட்டம் வீசினார் என்பது வைணவ மரபு. அதற்கு வேறு நூல் வேண்டும். திருநின்றவூர்ப் பூசலார் மனத்திலேயே கோயில் கட்டிய கதை பெரியபுராணத்தில் உண்டு, அதே ஊரின் பக்தவத்சலப் பெருமாளைப் பாட ஆழ்வார் வேண்டும். பூந்தமல்லியின் கோட்டை, படைமுகாம் பற்றி அறியக் கம்பெனிக் காலத்து ஆவணங்கள் வேண்டும்.

ஆவடிக்கு இன்னொரு புராணம் உண்டு. 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச மாதிரி சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தது. சுதந்திர இந்தியாவின் பொருளாதாரப் பாதையை முடிவுசெய்த தீர்மானங்களில் அது ஒன்று. பத்தாண்டு கழித்து, 1965-இல், விஜயந்தா டாங்கி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பாடல் பெற்ற தலத்துக்குப் பக்கத்திலேயே உழைப்பு பெற்ற தலங்களும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே இந்த மண்ணை முழுதாகப் பார்த்தவர்.

செய்ய வேண்டியது

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லியை நோக்கி மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. இன்னும் பத்தாண்டில் இந்தப் பகுதியின் முகம் மறுபடியும் மாறும். அதற்குள் மேற்குச் சென்னைக்கு ஒரு புதிய தலவிசேடம் எழுதப்பட வேண்டும். இந்த அவையில் இருக்கும் மாணவர்களால் அது முடியும்.

சிவக்கவிமணியின் முறையையே பின்பற்றுங்கள். ஒருவர் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். எந்த நிலையத்தில் இறங்குவது, எந்தத் திசை, எத்தகைய சாலை, நடந்தால் எவ்வளவு நேரம் என்று நான்கு வரி எழுதுங்கள். பிறகு அங்கே இருப்பதை எழுதுங்கள். கோயிலானால் கல்வெட்டும் விமானமும், ஏரியானால் வரத்துக்கால்வாயும் கலங்கலும், ஆலையானால் எந்த ஆண்டு, என்ன பொருள், எந்த ஊர்க்காரர்கள் வந்து வேலை செய்தார்கள் என்பதும். அங்கேயே பிறந்த பெரியவர்களிடம், "ஐயா, இந்தக் கால்வாயில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்த அலுவலகக் கோப்பிலும் கிடைக்காமல் போகலாம். நடைபாதை இல்லாத இடம், பெண்களும் முதியவர்களும் கடக்க முடியாத சாலை இவற்றையும் விடாமல் குறியுங்கள். நாழிகைக் கணக்கில் நடந்த நிலத்தில் இன்று ஒரு தெருவை நடந்து கடப்பதே அரிதாகிவிட்டதை மாநகராட்சிகள் அறிய வேண்டும்.

முக்கியமாக, பழைய நூல் சொன்னதும் நீங்கள் கண்டதும் மாறுபடும் இடத்தை ஒருபோதும் சரிக்கட்டி எழுதாதீர்கள். இரண்டையும் அருகருகே எழுதுங்கள். சுந்தரர் சொன்ன ஆற்றைப் பின்னால் வந்தவர்கள் பொருந்தவில்லை என்று மாற்றி எழுதியிருந்தால், பாலியைப் பற்றி இன்று கேட்கக்கூட நமக்கு வழியிருந்திருக்காது. உங்கள் குறிப்பையும் நூறாண்டு கழித்து ஒருவர் கையில் வைத்துக்கொண்டு இதே தெருக்களில் நடப்பார். அவர் காணும் மாறுபாடுகளிலிருந்து நம் காலத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.